'நாங்கள் பொறுப்பல்ல' என்றால் முடிந்துவிடுமா?

புதுச்சேரி முல்லா வீதியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகளும் மருமகனும் தனிக் குடித்தனம் போகப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், தாயார் மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணத்தில் 6,500 ரூபாய்க்கு ஒரு பீங்கான் உணவுத்தட்டுத் தொகுப்பு வாங்குகிறார். தகப்பனார் அதைக் கூரியர் அலுவலகத்தில் கொடுத்து, 450 ரூபாய் கட்டணம் செலுத்தி, நீட்டிய தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்.

மூன்றாம் நாள் மகளிடமிருந்து தொலைபேசி வருகிறது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததாம். பிரித்துப் பார்த்தால் 32 உருப்படிகளில் 19 உடைந்து கிடக்கின்றன. மகள் அழுகிறாள். தாயார் பேச்சின்றி அமர்ந்துவிடுகிறார்.

தகப்பனார் ரசீதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு விரைகிறார். அங்கிருப்பவர் ரசீதைத் திருப்பிக் காட்டுகிறார். "பாய், பின்பக்கம் பாருங்க. உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் எங்க பொறுப்பு 100 ரூபாய் வரைக்கும்தான். கையெழுத்து உங்களுதுதானே?"

கையெழுத்து அவருடையதுதான். கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருப்பதை அவர் படிக்கவில்லை. படித்துக் காட்டவும் எவரும் இல்லை. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

இத்தகைய நிலையில் பெரும்பாலோர் "நம் விதி" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். சிலர் இரண்டு வார்த்தை உரக்கப் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டினாலும் பயன் இல்லை. ரசீதின் பின்பக்கம் இருப்பது சட்டத்தின் முழுப்பக்கமா என்பதை அறிந்துகொள்வதே நமக்குப் பயன் தரும்.

கையொப்பத்தின் கனம்

முதலில் நமக்குக் கசப்பான உண்மையைப் பார்த்துவிடுவோம். கூரியர் ரசீதில் உள்ள பொறுப்பு வரம்பு செல்லுமா என்ற கேள்வி நம் நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'பாரதி நிட்டிங் கம்பெனி' என்ற பின்னலாடை நிறுவனம் 'டி.எச்.எல்.' கூரியர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது.

அந்நிறுவனம் ஜெர்மனியில் உள்ள ஒரு வணிகருக்குக் கோடைக்கால ஆயத்த ஆடைகளை அனுப்பியது. சரக்கை அங்கே விடுவித்துக்கொள்வதற்குரிய ஆவணங்களை 1990 மே மாதம் கூரியரில் அனுப்பியது. அந்த உறை போய்ச் சேரவேயில்லை. மறுபடியும் நகல் ஆவணங்கள் அனுப்பிச் சரக்கை எடுப்பதற்குள் கோடைக்காலம் கடந்துவிட்டது. சுமார் 56,000 ஜெர்மன் மார்க் பெறவேண்டிய சரக்குக்கு, வாங்கியவர் 35,000 மார்க் மட்டுமே தர முன்வந்தார்.

நட்டத்தைக் கூரியர் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்று மாநில நுகர்வோர் ஆணையம் சுமார் 4,29,000 ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தேசிய ஆணையம் அதை 100 அமெரிக்க டாலராகக் குறைத்தது. ரசீதில் அச்சிட்டிருந்த வரம்பு அதுதான். 1996 மே 9ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒப்பந்த நிபந்தனைகள் அடங்கிய தாளில் ஒருவர் கையொப்பமிட்டால் பொதுவாக அவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வாசலும் திறந்தே இருக்கிறது. நிபந்தனைகளை முழுமையாக அறியாமல் கையொப்பமிட நேர்ந்தது, ஏமாற்றப்பட்டது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவற்றை எடுத்துக் கூறி நிலைநாட்ட வேண்டியது கையொப்பமிட்டவரின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. பின்னாளில் நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் இந்த வாசல் வழியாகவே நுழைந்தன. அனுப்பியவர் கையொப்பமே இடாத ரசீது, படிக்க முடியாத சிறு எழுத்து, விளக்கிச் சொல்லப்படாத நிபந்தனை ஆகியவை நுகர்வோரைக் கட்டுப்படுத்தா என்று தீர்ப்பளித்திருக்கின்றன.

எனவே 'கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய இயலாது' என்பதும் சரியன்று. 'கையெழுத்தில் என்ன இருக்கிறது' என்று அலட்சியமாக இருப்பதும் சரியன்று.

அதே ஆண்டில், பிரான்சில்

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். சட்டபூர்வமான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நிறைவேறியது. இன்றும் பாரிஸில் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. இன்று புதுச்சேரியில் எழுதப்படும் கூரியர் ரசீதை ஆள்வது இந்தியச் சட்டம்தான். ஆயினும் இதே கேள்விக்குப் பிரெஞ்சு நாட்டில் என்ன விடை சொன்னார்கள் என்று பார்ப்பது நமக்குத் தெளிவு தரும்.

பிரான்சில் ரயில் நிறுவனங்கள் 'சரக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று தம் தாள்களில் அச்சிட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. வணிகர்கள் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்கள். 1905 மார்ச் 17ஆம் நாள் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதை முன்மொழிந்த உறுப்பினரின் பெயரால் அதை 'ரபியே சட்டம்' என்பார்கள். சரக்கு கொண்டுசெல்பவர் தம் பொறுப்பை உதறித் தள்ளும் எந்த வாசகமும், அது எந்தத் தாளில் இருந்தாலும், செல்லாது என்று அது கூறியது. பொறுப்பே இல்லை என்பது தடுக்கப்பட்டது. பொறுப்புக்குத் தொகை வரம்பு வைப்பது மட்டும் தொடர்ந்தது.

அந்த வரம்பும் 1996இல் கேள்விக்குள்ளானது. 'பான்ஷரோ' என்ற நிறுவனம் ஓர் ஒப்பந்தப் புள்ளியை 'குரோனோபோஸ்ட்' விரைவுச் சேவையில் அனுப்பியது. மறுநாள் நண்பகலுக்குள் சேர்ப்பதாக வாக்களித்த சேவை அது. உறை உரிய நேரத்தில் சேரவில்லை, வாய்ப்புப் போயிற்று. கட்டணமாகப் பெற்ற 122 பிராங்க்கைத் திருப்பித் தருவதே தன் முழுப் பொறுப்பு என்று கூரியர் நிறுவனம் கூறியது. 1996 அக்டோபர் 22ஆம் நாள் பிரான்சின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகத்தை எழுதப்படாததாகவே கருதவேண்டும் என்றது. விரைவும் நம்பகமும் என்று சொல்லித்தானே கூடுதல் கட்டணம் வாங்கினீர்கள்? அந்த அடிப்படைக் கடமையையே பொருளற்றதாக்கும் நிபந்தனை எப்படிச் செல்லும்? இதுவே தீர்ப்பின் கருத்து.

ஒரே ஆண்டு. மே மாதத்தில் டெல்லியில் ஒரு விடை. அக்டோபரில் பாரிஸில் வேறொரு விடை. டெல்லி நீதிமன்றம் கையொப்பத்தைப் பார்த்தது. பாரிஸ் நீதிமன்றம் கொடுத்த வாக்கைப் பார்த்தது.

அங்கும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அதே நீதிமன்றம் 2002இல், நிறுவனத்தின் வாசகம் நீங்கினாலும் அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின் வரம்பு பொருந்தும். மிகக் கடுமையான தவறு நிரூபிக்கப்பட்டால்தான் அதுவும் நீங்கும் என்றது. ஆயினும் அடிப்படைக் கடமையின் சாரத்தை அழிக்கும் நிபந்தனை செல்லாது என்ற கொள்கை, 2016இல் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு பொறுப்பை மறுப்பது முறையா என்ற கேள்வி நம் முல்லா வீதித் தகப்பனாருடையது மட்டுமன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன தருகிறது?

சரக்கு கொண்டுசெல்வோர் பற்றி நம் நாட்டில் 1865ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். இது 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்ற சொல்லுக்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில், வீட்டுக்கு வீடு பொருள்களைக் கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. இது பலருக்கும் தெரியாத செய்தி.

சாலை வழியே செல்லும் பார்சல்களுக்கு இச்சட்டத்திலிருந்து மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, பொருள் சேதமடைந்ததைக் காட்டினால் போதும். அது நிறுவனத்தின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று நாம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எந்த ஊரில், எந்த வண்டியில், யார் கையில் உடைந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? இதே விதி பழைய சட்டத்திலும் இருந்தது. தீயில் அழிந்த ஜெனரேட்டர்கள் தொடர்பான 'பட்டேல் ரோட்வேஸ்' வழக்கில், நுகர்வோர் ஆணையங்களின் முன்னும் இவ்விதி பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது, ஈட்டுத் தொகை. அனுப்புபவர் பொருளின் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியிருந்தால் அந்த மதிப்பு வரை கோரலாம். அவ்வாறு செலுத்தாதபோது, 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டணத்தைப்போல் பத்து மடங்கு வரை பொறுப்பு உண்டு; அது குறிப்பிட்ட மதிப்பை மிஞ்சக் கூடாது. நம் தகப்பனார் செலுத்தியது 450 ரூபாய். பத்து மடங்கு 4,500 ரூபாய். அலுவலகத்தில் சொன்னதோ 100 ரூபாய். மதிப்பு என்ற கட்டத்தில் 6,500 என்று ஒரு எண் எழுதியிருந்தால் அவர் வாதம் எவ்வளவு வலுப்பெற்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பயன் ஓர் எச்சரிக்கையும் ஆகும். வழக்குக்குப் போவதற்கு முன், பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சும் தொலைபேசியும் அறிவிப்பாகா. 'இன்று வாருங்கள், நாளை வாருங்கள்' என்று இழுத்தடிப்பதில் இந்த நாள்கள் கழிந்துவிடக் கூடாது.

அரசு அஞ்சல் துறைக்கு இச்சட்டம் பொருந்தாது. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டமும் அஞ்சல் துறையின் பொறுப்பைக் குறுக்கியே வைத்துள்ளன. விலையுயர்ந்த பொருளை அஞ்சலில் அனுப்புவோர் அங்கே காப்பீட்டு வசதியைக் கேட்டுச் செய்துகொள்வதே அறிவுடைமை.

ஆணையத்தின் கதவு

நிறுவனம் மறுத்தால் அடுத்த இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதுச்சேரியில் மாவட்ட ஆணையமும் மாநில ஆணையமும் உள்ளன.

புதிய சட்டத்தில் குடும்பத்தார் அறியவேண்டிய நன்மைகள் சில:

* பார்சலை அனுப்பியவர் மட்டுமன்றி, அவர் சம்மதத்துடன் அச்சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே. எனவே மதுரையில் உள்ள மகளும் புகார் தரலாம்.

* நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 'எல்லா வழக்கும் இன்ன நகரில்தான்' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

* சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமும் இல்லை.

* சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரவேண்டும். எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள், மிஞ்சினால் மேலும் 15 நாள்களுக்குள், பதில் தாக்கல் செய்யவேண்டும்.

* 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற புதிய கருத்தை இச்சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற நிபந்தனைகளை எதிர்த்து மாநில ஆணையத்தை அணுகலாம். 1996இல் பின்னலாடை நிறுவனத்துக்கு இந்தக் கருவி இருக்கவில்லை.

ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். பல பிணக்குகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுவதுண்டு. வணிகத்துக்காகச் சேவை பெறுபவர் இச்சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆனால் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை, கைவினைப் பொருள் என்று தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்யும் சகோதரிகள் தாமும் நுகர்வோரே என்று வாதிடலாம்.

அனுப்பும்போதும் பெறும்போதும்

சட்டம் எவ்வளவு நன்மை தந்தாலும் கையில் சான்று இல்லாதவர் வெறுங்கையுடன்தான் திரும்புவார். அனுப்பும்போது, பொருளை வாங்கிய கடை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியைக் கட்டுமுன் உள்ளே அடுக்கியிருப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். ரசீதில் உள்ளிருக்கும் பொருளின் பெயரையும் மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள். 'அதெல்லாம் வேண்டாம்' என்று சொன்னாலும் வற்புறுத்துங்கள். காப்பீடு உண்டா, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

பெறும்போது, பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால், கையொப்பமிடும் தாளிலோ கருவியிலோ 'சேதமான நிலையில் பெற்றேன்' என்று குறிப்பிடுங்கள். அதற்கு இடந்தராவிட்டால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே படம் எடுத்து, அப்போதே நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் படம் பிடியுங்கள். உடைந்த துண்டுகளையும், பெட்டியையும், உள்ளே வைத்த பஞ்சையும் தாளையும் வழக்கு முடியும் வரை எறிந்துவிடாதீர்கள். 'சரியாகக் கட்டவில்லை' என்பதே நிறுவனங்கள் முதலில் சொல்லும் பதில். அதற்கு மறுமொழி அந்தக் குப்பையில்தான் இருக்கிறது.

அடுத்ததாக ஒரு கடிதம். நீண்ட புலம்பல் வேண்டாம். வசைமொழி அறவே வேண்டாம். கீழ்க்காணும் அளவு போதும்:

"இன்ன நாளில், இன்ன எண்ணுள்ள ரசீதின்படி, புதுச்சேரியிலிருந்து மதுரைக்கு ரூ. 6,500 மதிப்புள்ள பீங்கான் பொருள்களைத் தங்கள் நிறுவனத்தின் மூலம் அனுப்பினேன். கட்டணம் ரூ. 450 செலுத்தினேன். இன்ன நாளில் பெட்டி நசுங்கிய நிலையில் ஒப்படைக்கப்பட்டது. 32 உருப்படிகளில் 19 உடைந்திருந்தன. கடை ரசீதும் படங்களும் இத்துடன் உள்ளன. ரசீதின் பின்புற நிபந்தனை எனக்குப் படித்துக் காட்டப்படவோ விளக்கப்படவோ இல்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இதையே அறிவிப்பாகக் கொண்டு, 15 நாள்களுக்குள் நட்டத்தை ஈடுசெய்யக் கோருகிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இதை விரைவு அஞ்சலில், ஒப்புகைச் சான்றுடன், பதிவு செய்த கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கட்டும். நிபந்தனையை விளக்கியிருந்தால் விளக்கவில்லை என்று எழுதக் கூடாது. 19 உடைந்ததை 32 என்று எழுதக் கூடாது. ஒரு பொய் கலந்தால் நம் பக்கத்து நியாயம் முழுவதும் சாய்ந்துவிடும்.

இரு தரப்புக்கும் நியாயம்

கூரியர்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூடிய பெட்டிக்குள் பீங்கான் இருக்கிறதா, தங்கம் இருக்கிறதா என்று அவர் அறியார். 450 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றரை லட்சத்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது முறையாகாது. பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுற்றிப் பீங்கானை அனுப்பிவிட்டுப் பிறர்மீது பழி போடுவதும் முறையாகாது. பொருளின் மதிப்பை மறைக்காமல் சொல்வது நம் கடமை. சொன்ன மதிப்புக்குப் பொறுப்பேற்பது அவர் கடமை.

நம் வீடுகளில் ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை 'அமானிதம்' என்று சொல்கிறோம். அண்டை வீட்டார் கொடுத்துவைத்த பாத்திரத்தில் சிறு கீறல் விழுந்தாலும் நம் தாய்மார்கள் மனம் பதறுவார்கள். கூலி வாங்காமல் வைத்திருந்த பொருளுக்கே அந்தப் பதற்றம் என்றால், கூலி வாங்கிக்கொண்டு எடுத்துச் சென்ற பொருளுக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும்!

முல்லா வீதித் தகப்பனார் 100 ரூபாயை வாங்கிக்கொண்டு 'முழுத் திருப்தி' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் வாங்காமல் திரும்பி வரட்டும். அன்றிரவே மேசைமுன் அமர்ந்து அந்தக் கடிதத்தை எழுதட்டும். மகளும் உடைந்த துண்டுகளைப் பெட்டியோடு பத்திரமாக எடுத்துவைக்கட்டும். உடைந்த தட்டுகள் ஒட்டப்போவதில்லை. ஆனால் தாயாரின் சீட்டுப் பணத்துக்கு உரிய பதிலைக் கேட்டுப் பெறும் வழி இன்னும் அடைபடவில்லை.